பதிவாகாத முப்பத்தாறு: சித்தப்பாவின் கேமராவோடு ஜெர்மனியில் ஏழு நாள்

அக்டோபர் 8, 2024, செவ்வாய் – வெட்ஸ்லர்

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை. என் முறை வந்ததும் ஆறு பிலிம் ரோல்கள் இருந்த பிளாஸ்டிக் பையை நீட்டி, "இதை மட்டும் கையால் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். பழைய எக்ஸ்ரே எந்திரமாக இருந்தால் கவலையில்லை. வெளிச்ச உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 200 உள்ள ரோல் அதில் ஓரிரு முறை போய்வந்தாலும் தாங்கும். இப்போது வைக்கிற சி.டி. ஸ்கேனர் அப்படியில்லை, ஒரே தடவையில் பிலிமில் மூட்டம் போட்டுவிடும். அந்த இளம் அதிகாரி முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, துணித்துண்டால் துடைத்துச் சோதித்தார். கடைசி ரோலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்குள் படம் இருக்கிறதா?" என்றார். பிலிம் ரோலை முதல்முறை பார்க்கிறார் என்று புரிந்தது. "இன்னும் இல்லை" என்றேன்.

கேமரா சித்தப்பாவுடையது. பிராக்டிகா, கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் செய்தது. முன்னால் 50 மி.மீ. டெஸ்ஸார் லென்ஸ். அதன் வடிவமைப்பு 1902இல் பவுல் ருடால்ஃப் போட்டது, மூன்று தொகுதிகளில் நான்கே கண்ணாடி. இருபத்திரண்டு வருடம் இதை வைத்துத்தான் சித்தப்பா கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுத்தார். வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. அதற்கான பாதரச பேட்டரி இப்போது எங்குமே விற்பனையில் இல்லை. ஆனால் ஷட்டருக்கு பேட்டரியே வேண்டாம், வில்லும் பல்சக்கரமும் போதும். இந்தக் கேமரா பிறந்த ஊரையும் அதைப் போன்றவை பிறந்த ஊர்களையும் அதைக் கொண்டே படம் எடுக்க வேண்டும் என்பது மூன்று வருட ஆசை.

ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. லான் ஆற்றங்கரையில் சின்ன ஊர் வெட்ஸ்லர். இறங்கும்போதே மழை, 9 டிகிரி. அறை வாடகை 74 யூரோ. ராத்திரி சாப்பாட்டுக்கு ஏழு மூலிகைகளை அரைத்துச் செய்த பச்சைச் சாறு, கூடவே அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும். குளிர்ந்த சாறு, புளிப்பும் புல்வாசமுமாக இருந்தது. 13 யூரோ. முதல் வாய் பிடிக்கவில்லை, கடைசி வாய் தட்டை வழிக்க வைத்தது.

படுக்கும் முன் ரோல் போட்டேன். கண்ணெல்லாம் தூக்கம்.

அக்டோபர் 9, புதன் – வெட்ஸ்லர்

காலை எட்டு மணிக்கே பழைய நகரம். வெட்ஸ்லர் தேவாலயத்துக்கு ஒரு கோபுரம்தான் எழும்பியிருக்கிறது, பக்கத்துக் கோபுரம் பல நூற்றாண்டாக முடியாமல் நிற்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே கட்டடத்தில் வழிபடுகிறார்கள். அங்கிருந்து சரிவில் இறங்கினால் ஐசன்மார்க்ட், அதாவது இரும்புச் சந்தை. சந்து மாதிரியான சின்னச் சதுக்கம், சுற்றிலும் மரச்சட்டம் தெரியக் கட்டிய வீடுகள்.

நான் தேடி வந்தது தரையில் இருக்கும் ஒரு தகடு. லைக்கா கேமராவை உருவாக்கிய ஓஸ்கர் பார்னாக் 1914இல் தன் சோதனைக் கேமராவோடு நின்று படம் எடுத்த இடத்தை அது குறிக்கிறது. பார்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போடும் அந்தக் காலத்துப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற அவரால் முடியவில்லை. சினிமாவுக்கு ஓடிக்கொண்டிருந்த 35 மி.மீ. பிலிமை எடுத்து, அதன் 18க்கு 24 மி.மீ. சட்டத்தை இரட்டிப்பாக்கி 24க்கு 36 ஆக்கினார். இன்று டிஜிட்டல் கேமராக்காரர்கள் 'ஃபுல் ஃப்ரேம்' என்று பெருமையாகச் சொல்கிற அளவு, மூச்சு வாங்கிய ஒரு மனிதரின் தேவையிலிருந்து வந்தது. எனக்கும் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. அதனால் இந்தக் கதை வேறு எதையும்விட நெருக்கம்.

தகட்டின் மேல் நின்றேன். மழைத்தூறல், மேகம் அடர்த்தி, சந்து. வெயிலுக்கு எஃப் 16 என்று தொடங்கி விரல் விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினேன் (எஃப் எண் லென்ஸின் திறப்பு, எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). எஃப் 4, ஷட்டர் 125, அதாவது நொடியில் 125இல் ஒரு பங்கு. சிவப்புக் குடை பிடித்த ஒரு அம்மாள் மூலையில் திரும்பும் வரை காத்திருந்து அழுத்தினேன். பிராக்டிகாவின் பொத்தான் மேலே இல்லை, முன்பக்கம் சாய்வாக இருக்கும். அழுத்தும்போது கேமரா கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். நோட்டில் எழுதினேன்: "11. ஐசன்மார்க்ட். 4, 125. சிவப்புக் குடை. வலது பக்கம் ஈரக் கல்லில் ஜன்னல் வெளிச்சம்."

சித்தப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம் இது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி. கழுவி வரும்போது எது ஏன் கெட்டது என்று தெரிய வேண்டுமே.

மதியம் லைட்ஸ் பார்க். லைக்கா நிறுவனம் 2014இல் பக்கத்து ஊரான ஸோல்ம்ஸிலிருந்து திரும்பி வந்து கட்டிய வளாகம். வட்டமும் வளைவுமாகக் கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே சுவர்க் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை அங்கி போட்டவர்கள் லென்ஸ் விளிம்புக்குக் கறுப்பு பூசுவதைப் பார்த்தேன். தூரிகை நுனி கண்ணாடியைத் தொடும் நேரத்தில் அந்தப் பெண்ணின் தோள் அசையவே இல்லை.

1925 வசந்தகாலத்தில் லைப்சிக் சந்தையில் முதல் லைக்காவை வைத்தார்கள். செய்யலாமா வேண்டாமா என்று நிறுவனத்துக்குள் பெரிய விவாதம் நடந்தது. 'துணிந்து செய்வோம்' என்று முடிவெடுத்தவர் நிறுவன முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ். பார்னாக் சொந்தமாக வைத்திருந்த 105ஆம் எண் மாதிரிக் கேமரா 2022இல் ஏலத்தில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்தத் தொகை என்னை அசைக்கவில்லை. அசைத்தது கடையில் இருந்த புது டிஜிட்டல் மாடல் ஒன்று. போன மாதம்தான் வந்தது, 6 கோடி பிக்சல். பின்பக்கம் திரையே கிடையாது. திரை இருக்க வேண்டிய இடத்தில் ஐ.எஸ்.ஓ. திருகும் வட்டு. எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாதபடி செய்து, அதற்குப் பல ஆயிரம் யூரோ வாங்குகிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது. பார்க்காமல் இருப்பதில் ஏதோ இருக்கிறது என்று உலகத்தின் மிகச் சிறந்த கேமராக்காரர்களே ஒத்துக்கொள்வதாக எனக்குப் பட்டது. எது என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் பழைய லான் பாலத்தில் ஒரு பெரியவர் நின்று என் கேமராவையே பார்த்தார். கிட்ட வந்து பெயரைப் படித்தார். "இது அந்தப் பக்கத்துக் கேமரா" என்றார் ஆங்கிலத்தில். நாடு இரண்டாக இருந்த காலத்துப் பேச்சு இன்னும் அவர் நாக்கில். "நல்ல கேமரா. எங்கள் ஊரில் இதை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்." சிரித்தார். படம் எடுக்கட்டுமா என்று கேட்டதும் தொப்பியைக் கழற்றித் தலையை வாரிக்கொண்டு, பாலத்துக் கைப்பிடியில் கை வைத்து நின்றார். 36ஆம் படம் அவர்தான்.

அக்டோபர் 10, வியாழன் – ரயிலிலும் டிரெஸ்டனிலும்

ரயில் 70 நிமிடம் தாமதம். அதனால் அடுத்த இணைப்பும் போனது. நடைமேடையில் நின்றிருந்த யாரும் கத்தவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டுவிட்டு ரொட்டி வாங்கப் போனார்கள். பூசணி விதை தூவிய ரொட்டிக்குள் சீஸ், 4 யூரோ 80. நின்றுகொண்டே தின்றேன்.

மாற்று ரயிலில் உட்கார்ந்ததும், முடிந்த ரோலைச் சுற்றி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். 36 ஆகிவிட்டது, ஆனாலும் பல ரோல்களில் ஒரு படம் கூடக் கிடைக்கும். லீவரைத் தள்ளினேன். போனது. 37. ஷட்டரை அழுத்திவிட்டு மறுபடி தள்ளினேன். 38. போனது. 39, 40. எந்தத் தடங்கலும் இல்லை. ரோல் முடிந்திருந்தால் லீவர் பாதியில் இறுகி நிற்க வேண்டும்.

வயிறு கலங்கியது. ரயிலில் திறக்க முடியாது. பிலிம் சுற்றியிருந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும். டிரெஸ்டன் சேரும் வரை நான்கு மணி நேரம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடுதி அறையில் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் துண்டை அடைத்தேன். விளக்கை அணைத்துத் தரையில் உட்கார்ந்து, பின்மூடியைத் திறந்து விரலால் தடவினேன். வலது பக்கச் சுருளில் பிலிம் இல்லை, மொட்டை உலோகம். இடது பக்கம் தடவினால், பிலிமின் நாக்கு பல்சக்கரத்துக்கு இந்தப் பக்கமே சுருண்டு நின்றது. முதல் நாள் ராத்திரி தூக்கத்தில் மாட்டியது பிடிக்கவே இல்லை. இரண்டு நாளும் ஷட்டர் திறந்து மூடியது. எண் மாறியது. லீவர் ஓடியது. பிலிம் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

இருட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அங்கே பத்தரை மணி இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "லீவரைத் தள்ளும்போது எடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுத்துச்சாம்மா?"

நான் பார்க்கவே இல்லை.

"பிலிம் ஓடுதுன்னா அந்தக் குமிழ் சுத்தும். வேற எதையும் நம்பாதே. எண்ணை நம்பாதே. எனக்கும் ஒரு கல்யாணத்துல இப்படி ஆச்சு. தாலி கட்டுற நேரம். அன்னியிலேர்ந்து ஒவ்வொரு தடவையும் குமிழைப் பாத்துட்டுத்தான் அடுத்த படம்."

அந்தக் கல்யாண வீட்டுக்காரர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "உண்மையத்தான் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தூக்கம் வரவில்லை. போனைத் திறந்தேன். வெட்ஸ்லரில் போனில் எடுத்தவை 212 படங்கள். எல்லாம் கூர்மை, எல்லாம் நல்ல நிறம். இருட்டில் எடுத்ததுகூடப் பளிச். ஒரே நொடியில் பல சட்டங்களை எடுத்து அடுக்கி அது செய்கிற வேலை, டெஸ்ஸாரும் 200 ரோலும் சேர்ந்தாலும் நடக்காது. தள்ளிக்கொண்டே போனேன். பாதியை எடுத்த ஞாபகமே இல்லை. எந்தத் தெரு, ஏன் எடுத்தேன், எதுவும் தெரியவில்லை.

பிறகு நோட்டைத் திறந்தேன். "3. தேவாலய வாசல். 5.6, 125. கதவுப்பிடியில் மழைத்துளி." கண் முன் வந்தது. "19. ரொட்டிக்கடை. 2.8, 30. மூச்சைப் பிடித்தேன். கடைக்காரப் பெண் மாவுக் கையைப் பின்னால் மறைத்தாள்." வந்தது. முப்பத்தாறும் வந்தன. பதிவாகாத முப்பத்தாறும் ஒவ்வொன்றாக, வெளிச்சத்தோடு, குளிரோடு வந்தன. அந்த ஒவ்வொன்றுக்கும் நின்று, வெளிச்சத்தை நானே கணக்குப் போட்டு, தூரத்தை நானே திருகி, எழுதவும் செய்திருக்கிறேன். போனில் எடுத்தபோது அதையெல்லாம் போன் செய்துவிட்டது. எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி – டிரெஸ்டன்

அதே ரோலைக் காலையில் மறுபடி மாட்டினேன். நாக்கைப் பிடியில் செருகி, பல்லில் ஓட்டை உட்கார்ந்ததைப் பார்த்து, ஒரு முறை தள்ளி, மூடி, குமிழில் இருந்த தொய்வை இறுக்கி, மறுபடி தள்ளி... சுற்றியது.

ஸ்ட்ரீசன் பகுதியில் எர்னமன் கேமராத் தொழிற்சாலைக் கட்டடம் இப்போது தொழில்நுட்ப அருங்காட்சியகம். கோபுரத்தோடு கோட்டை மாதிரி நிற்கிறது. எர்னமன் நிறுவனம் 1924இல் எர்மனாக்ஸ் என்று ஒரு கேமரா கொண்டுவந்தது. சின்ன உடம்பு, அதைவிடப் பெரிதாக எஃப் 2 லென்ஸ். மின்னல் விளக்கு இல்லாமல் அறைக்குள் படம் எடுக்க முடிந்தது. செய்திப் படக்காரர் எரிக் ஸாலமன் அதை மறைத்து எடுத்துப்போய் நீதிமன்றங்களையும் அரசியல் மாநாடுகளையும் பிடித்தார். 1926இல் எர்னமன் உட்பட நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஸைஸ் ஐகான் என்ற ஒரே நிறுவனம் ஆனது. இதே ஊரில் இஹகே நிறுவனம் 1936இல் 35 மி.மீ. பிலிமுக்கு கினே எக்ஸாக்டா என்ற எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸ் வழியாக வரும் பிம்பத்தையே உள்ளிருக்கும் கண்ணாடியால் பார்த்து எடுக்கும் கேமரா, செய்தது. போருக்குப் பிறகு, 1949இல், தலையில் ஐங்கோணக் கண்ணாடி வைத்த கான்டாக்ஸ் எஸ். மேலே குனிந்து பார்க்காமல், பிம்பம் இடவலம் மாறாமல் கண்ணுக்கு நேராகப் பார்க்க வைத்த முதல் கேமராக்களில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் கேமரா என்று ஒரு குழந்தையை வரையச் சொன்னால் தலையில் ஒரு மேடு வைத்து வரைகிறதே, அந்த மேட்டோடு வந்த முதல் கேமராக்களில் ஒன்று இந்த ஊரில் பிறந்தது.

எனக்கு இந்த நாள் நிற்பது ஒரு அம்மாளால். பார்வையாளர்தான் அவரும், எழுபதைத் தாண்டியிருப்பார், பேரனோடு வந்திருந்தார். என் கழுத்தைக் காட்டி பேரனிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். பேரன் மொழிபெயர்த்தான்: "பாட்டி பதினான்கு வருடம் பிராக்டிகா செய்த பென்டகான் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இந்த மாதிரி ஷட்டர்களை அவர் பூட்டியிருக்கிறார். கேமராவைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்."

கொடுத்தேன். வேகத்தை 1 நொடிக்குத் திருகி, காதோரம் வைத்து அழுத்தினார். பல்சக்கரம் கிர்ரென்று ஓடி நின்றது. மறுபடி அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அரை நொடி, கால் நொடி. கடைசியில் பேரனிடம் சொன்னார். "ஒரு நொடி கொஞ்சம் இழுக்கிறதாம், எண்ணெய் காய்ந்திருக்கிறதாம். மற்றது சரியாம். இதை வைத்திருந்தவர் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்."

1990 அக்டோபரில், இரண்டு ஜெர்மனியும் சேர்வதற்கு முந்தின நாள், பென்டகானைக் கலைக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. அதைப் பற்றிக் கேட்டதற்கு அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான். கேமராவைத் திருப்பித் தரும்போது வாரைச் சீராக மடித்து, லென்ஸ் என் பக்கம் வராதபடி இரண்டு கையாலும் நீட்டினார். தொழிற்சாலையில் அப்படித்தான் கைமாற்றியிருப்பார்கள்.

என்னிடம் இருக்கும் டிஜிட்டல் கேமரா ஆறு வருடப் பழசு. போன வருடம் உள்ளே ஒரு பலகை செத்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் திறக்கக்கூட இல்லை, உதிரி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன் நோயைக் காதில் வைத்துச் சொல்ல இந்தப் பூமியில் யாரும் இருக்க முடியாது.

மதியத்துக்கு மேல் ஐயர்ஷெக்கே. மூன்று அடுக்குக் கேக். அடியில் மாவு, நடுவில் தயிர்க்கட்டி, மேலே முட்டைப் பாகு. 3 யூரோ 60. இரண்டு தின்றேன்.

அக்டோபர் 12, சனி – டிரெஸ்டன், எல்பே கரை

ஆல்பர்ட் பாலத்தடியில் சனிக்கிழமைச் சந்தை. வெயில் எட்டிப் பார்த்தது, ஆனாலும் காற்று காதை அறுத்தது. கொஞ்ச தூரத்தில் கரோலா பாலம், போன மாதம் 11ஆம் தேதி விடிவதற்கு முன் ஒரு பகுதி அப்படியே ஆற்றில் விழுந்தது. வருகிறவர் எல்லோரும் அதைத்தான் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று எடுத்தேன். எஃப் 8, 250.

கேமரா விற்பவர் தரையில் போர்வை விரித்து ஐம்பது அறுபது உடல்களைப் பரப்பியிருந்தார். பிராக்டிகா ஒன்று 15 யூரோ. பக்கத்தில் தனித் தட்டில் லென்ஸ்கள். பையோட்டார் 58 மி.மீ. ஒன்றுக்கு 180 யூரோ சொன்னார். லென்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு என்றேன்.

"இளைஞர்கள் லென்ஸுக்குத்தான் வருகிறார்கள். உடலை யாரும் கேட்பதில்லை."

காரணம் எளிது. இந்தப் பழைய 42 மி.மீ. திருகு லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையில் 45 மி.மீ. சொச்சம் இடம் வேண்டும், நடுவில் கண்ணாடி எழும்பி இறங்க. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணாடி இல்லை, அந்த இடைவெளி 20 மி.மீ. அளவில்தான். ஒரு வெற்று உலோக வளையம் போட்டால் போதும், எழுபது வருட லென்ஸ் இன்றைய சென்சாரில் உட்கார்ந்துவிடும். பையோட்டார் பின்னணியைச் சுழல்போலச் சுற்றும். அதைப் பார்த்துச் சோவியத்தில் செய்த ஹீலியாஸும் அப்படியே. கோர்லிட்ஸ் ஊர் மேயர் நிறுவனத்தின் டிரியோபிளான் வெளிச்சப் புள்ளிகளை சோப்புக் குமிழியாக்கும். வடிவமைத்தவர்கள் ஒழிக்கப் பாடுபட்ட குறைகள் இவை. இன்றைய லென்ஸ்களில் கணினி உதவியோடு ஏறக்குறைய ஒழித்தும்விட்டார்கள். ஒழிந்த பிறகு அதைத் தேடி ஆற்றங்கரைக்கு வருகிறோம்.

அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அந்த வளையம் வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் டெஸ்ஸாரை டிஜிட்டலில் மாட்டி, ஐ.எஸ்.ஓ. 3200 வைத்து எடுத்த என் தங்கை படம் வீட்டில் தொங்குகிறது. பிலிமில் அது கிடைத்திருக்காது. டிஜிட்டலை மட்டம்தட்டுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ஆனால் ஐம்பது உடல்கள் போர்வையில் கண்ணிழந்து கிடந்ததைப் பார்க்க முடியவில்லை. 15 யூரோ கொடுத்து ஒன்றை வாங்கினேன். பேரம் பேசவில்லை. அவர் மூடி ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு – வோல்ஃபன்

லைப்சிக் வழியாக உள்ளூர் ரயில். வோல்ஃபன் நிலையத்தில் என்னோடு இறங்கியவர்கள் மூன்று பேர். சாம்பல் வானம், மஞ்சள் இலை, நடமாட்டமில்லாத தெரு. சுற்றுலாக்காரர் யாரும் வராத ஊர், எனக்கோ இதுதான் தலம்.

ஆக்ஃபா நிறுவனம் இங்கே 1909, 1910 வாக்கில் பிலிம் தொழிற்சாலை தொடங்கியது. 1936இல் உலகத்துக்கு ஆக்ஃபாகலர் என்ற வண்ண ஸ்லைடு பிலிம் இங்கிருந்துதான் போனது. போருக்குப் பின் கிழக்குப் பக்கம் வந்த ஆலை, 1964இலிருந்து ஓர்வோ என்ற பெயரில் விற்றது. ஒரிஜினல் வோல்ஃபன் என்பதன் சுருக்கம். அந்தப் பெயரைச் சொன்னதும் சித்தப்பா போனிலேயே எழுந்து நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். "ஓர்வோ இருபத்திரெண்டு! உங்க அம்மா கல்யாணமே அதுலதானம்மா எடுத்தேன்!" எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளை அம்மா, இந்த ஊர் வெள்ளி.

அருங்காட்சியகம் பழைய ஆலைக் கட்டடத்துக்குள்ளேயே, அசல் எந்திரங்களோடு. வெள்ளிக் கட்டியை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பதில் தொடங்கி, புரோமைடு சேர்த்து, ஜெலட்டினில் படிகம் வளர்த்து, பிலிமில் பூசி, வெட்டி, துளையிட்டு, சுற்றுவது வரை காட்டுகிறார்கள். வெள்ளியோடு புரோமைடு சேர்ந்ததிலிருந்து எல்லாமே இருட்டில். வழிகாட்டிய பெண் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். மூடிய கண்ணுக்கும் திறந்த கண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. ஒரு நிமிடம் இருந்திருக்கும். பக்கத்தில் நின்றவரின் மூச்சு கேட்டது. இதில் எட்டு மணி நேர ஷிப்ட். பெண்கள்தான் நிறைய. ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் இருக்க நடக்கும்போது குரல் கொடுப்பார்களாம். உச்சத்தில் ஏறத்தாழ 15 ஆயிரம் பேர் வேலை செய்த ஆலை.

மூன்று நாள் முன்பு விடுதிக் குளியலறைத் தரையில் நான் உட்கார்ந்திருந்த இருட்டு ஞாபகம் வந்தது. அம்மாவின் கல்யாணத்தில் சிக்கிய அந்த வெளிச்சத்துக்கு முன்னால், யாரோ ஒரு பெண்ணின் விரல் இந்த இருட்டில் அந்த பிலிமைத் தடவியிருக்கிறது.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று. ஆலைக் கழிவைப் பல வருடம் பக்கத்தில் இருந்த ஒரு பழைய நிலக்கரிக் குழியில் கொட்டினார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வெள்ளி ஏரி என்று பெயர் வைத்தார்கள். பழைய பிலிமின் அழகைப் பேசுகிறபோது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பிலிம் வாங்குவதை இதனால் நான் விடப்போவதில்லை. ஆனால் டப்பாவைக் கையில் எடுக்கும்போது அந்த ஏரி தெரியும்.

வெளியே வந்ததும் பசி. ஞாயிறு, எல்லாம் பூட்டு. நிலையத்தில் பிஸ்கட் எந்திரம், 2 யூரோ நாணயத்தை மூன்று முறை துப்பியது. சைக்கிளோடு நின்ற ஒரு பையன் தன் நாணயத்தைப் போட்டு எடுத்துக் கொடுத்தான். என் காசை வாங்க மறுத்துவிட்டான்.

அக்டோபர் 14, திங்கள் – மறுபடி வெட்ஸ்லர்

ராத்திரி பத்து மணிக்கு விமானம். லைப்சிக்கிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தால் வெட்ஸ்லரில் இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். ரயில் இன்று சரியான நேரம்.

எண் 32இல் நின்றது. நான்கு படம் மிச்சம்.

பாலத்தில் அந்தப் பெரியவர் இருப்பாரோ என்று பார்த்தேன். இல்லை. கைப்பிடியை மட்டும் எடுத்தேன், அவர் கை வைத்த இடம். தேவாலய வாசல் கதவுப்பிடி காய்ந்திருந்தது. ரொட்டிக்கடை மூடியிருந்தது, கண்ணாடியில் என் உருவம்தான் தெரிந்தது, எடுத்தேன்.

ஐசன்மார்க்ட்டுக்கு வந்தபோது வெயில். அன்றைக்குச் சாம்பலாக இருந்த சுவர்கள் மஞ்சள். நோட்டைத் திறந்து 11ஆம் வரியைப் படித்தேன். தகட்டின் மேல், அன்று நின்ற அதே இடத்தில் நின்றேன். ஈரக் கல் இல்லை. ஜன்னல் வெளிச்சம் இல்லை. சிவப்புக் குடை இல்லை. ஒரு பூனை மட்டும் படிக்கட்டில் படுத்திருந்தது. எஃப் 11, 250.

அழுத்தினேன். நோட்டில் எழுதினேன்: "36. ஐசன்மார்க்ட். 11, 250. பூனை."

பழக்கத்தில் லீவரைத் தள்ளினேன். பாதியில் இறுகி நின்றது. பொத்தானை விடுவித்து, இடது பக்கக் குமிழின் கைப்பிடியை எழுப்பி, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தேன். உள்ளே பிலிம் உரசும் சத்தம் கையில் தெரிந்தது.